கயோமி மூச்சு விட்ட இடங்கள்

கயோமி இனி நடிக்கப் போவதில்லை என்று செய்தி வந்த வாரத்தில், டப்பிங் வேலை செய்கிற பிள்ளைகள் சிலர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். "அன்ரி, அவவைப் பற்றி உங்களுக்குத்தானே கூடத் தெரியும், எழுதித் தாங்க" என்றார்கள். குரல் கொடுப்பவர்கள் சேர்ந்து போடுகிற மலருக்காம். நான் பேசக் கூச்சப்படுகிறவள். எழுதுவதென்றால் இன்னும் மோசம். ஆனாலும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கயோமியை நேரில் கண்டதில்லை. ஜப்பான் பக்கம் போனதுமில்லை. அவள் நடித்த தொடர்கள் தமிழில் வந்தபோது அவளுக்காகப் பேசியவள் நான். எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான். ஆனால் இந்த உலகத்தில் நான் மிக அதிக நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷி யார் என்று கேட்டால், அது அவள்தான். பெற்ற தாயைக்கூட நான் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. வயதில் என்னைவிட மூத்தவள். ஆனாலும் முதலில் ஒரு இளம் மருமகளாகக் கண்டதால் எனக்கு 'அவள்' என்றே வந்துவிட்டது.

அவளுடைய பிறப்பு வளர்ப்பு பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். வடக்கே பனி கொட்டுகிற பக்கத்தில் ஒரு மீன்பிடி ஊர். தகப்பன் வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். தாய் கருவாடு காயப்போடும் இடத்தில் வேலை செய்தவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கயோமி சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டிப் பெண்ணாகச் சேர்ந்தாள். தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்டு, மைக்கைப் பிடித்து, மலையையும் ஆற்றையும் காட்டி, இடையிடையே பாட்டும் பாட வேண்டிய வேலை. அந்த பஸ்ஸில் பயணம் செய்த ஒரு இயக்குநர் இறங்கும்போது அவளுடைய பெயரைக் கேட்டாராம். குரலுக்காகத்தான் கேட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். முதல் படத்தில் அவளுக்கு ஒரு வசனமும் இல்லை. ஊமைத் தங்கையாக வந்தாள். பிறகுதான் பேசவிட்டார்கள். கல்யாணம் செய்து கொஞ்சக் காலத்தில் பிரிந்தாள். அதைப் பற்றி அவள் எங்கேயும் பேசியதாகத் தெரியவில்லை. எனக்குக் கல்யாணம் நடக்காததைப் பற்றி நானும் எங்கேயும் பேசியதில்லை.

நான் இந்த வேலைக்கு வந்தது தட்டச்சு மூலம். பள்ளிக்கூடம் முடித்து, மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஊரான நாவற்குடாவில் சும்மா இருந்தேன். அப்போது சண்டைக் காலம். மாமி ஒருவர் கொழும்பில் இருந்தார், அங்கே அனுப்பிவிட்டார்கள். ஒரு ஸ்டூடியோவில் தமிழ் வசனங்களைத் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது. வசனம் நீளமா கட்டையா என்று தெரிய, வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துத் தட்டுவேன். அதைக் கேட்டவர் தர்மலிங்கம் சேர். அவர்தான் அங்கே டப்பிங் இயக்குநர். "அந்த முணுமுணுப்பை மைக்குக்கு முன்னால நிண்டு செய்யுங்கோ பாப்பம்" என்றார். கதவு மூடிய அறை, ஒரு கண்ணாடி, ஒரு திரை. யாரும் என் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்று தெரிந்தபோது எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தொழில் பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கூட்டத்தில் கத்துகிற குரல், கதவு தட்டும் தாதி, தொலைபேசியில் வரும் அத்தை. பிறகு ஒரு நாள் கயோமி வந்தாள்.

தர்மலிங்கம் சேர் யாழ்ப்பாணத்தவர். வானொலி நாடகத்தில் ஊறிய ஆள். ஒலிப்பதிவு நடக்கும்போது திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். படத்தை அவர் முதலே பார்த்து முடித்திருப்பார்; அதற்குப் பிறகு காதால் மட்டும்தான். நாங்கள் மூச்சு எடுக்க வேண்டிய இடம் வரும்போது இடது கையின் ஒரு விரலை உயர்த்துவார். திரையைப் பார்க்காமலே அந்த விரல் சரியான இடத்தில் எழும்பும். நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னால் பயப்பட வேண்டும். "நல்லாத்தான் இருந்தது. ஆனால் கதைச்சது நீங்க. இப்ப அந்தப் பிள்ளையைக் கதைக்க விடுங்கோ" என்பார். அந்தப் பிள்ளை என்றால் கயோமி. இன்னொரு நாள், அழுகைக் காட்சியில் நான் கொஞ்சம் கூடுதலாக அழுதுவிட்டேன். சேர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவ நடிச்சு முடிச்சிட்டா. சம்பளமும் வாங்கியிருப்பா. நீங்களும் நடிச்சால் ஒரு முகத்துக்கு ரெண்டு பேர் ஆகிடும். நீங்க மூச்சை மட்டும் பாருங்கோ, மிச்சம் தானா வரும்."

மூச்சுத்தான் அவருடைய பாடம். புதிதாக வருகிற பிள்ளைகள் உதட்டைப் பார்ப்பார்கள். உதடு மூடுகிற இடத்தில் ப, ம வருகிற சொல்லைப் போட்டால் பொருந்திவிடும், அது உண்மைதான். ஜப்பான் வசனத்தில் ஒரு வசதியும் உண்டு. அவர்களுக்கும் வினைச்சொல் எங்களைப் போலக் கடைசியில்தான் வரும், அதனால் உணர்ச்சி ஏறி இறங்குகிற இடம் அநேகமாக ஒத்துப்போகும். ஆனால் உதடு எவ்வளவு பொருந்தினாலும், பேசுமுன் அவள் எடுக்கிற மூச்சை நாங்களும் அதே கணத்தில் எடுக்காவிட்டால், குரல் முகத்தில் ஒட்டிவைத்த தாள் மாதிரித் தெரியும். அவள் குனிந்து வணங்கினால் நானும் மைக்குக்கு முன்னால் குனிய வேண்டும், அப்போதுதான் குரல் நிலத்தை நோக்கிப் போகும். அவள் சாப்பிட்டுக்கொண்டு பேசினால் எனக்குப் பாண் துண்டு தருவார்கள். அவள் ஓடிவந்தால் நின்ற இடத்திலேயே நானும் ஓடுவேன். வருடக்கணக்காக ஒருத்திக்குப் பின்னால் இப்படிக் குனிந்து நிமிர்ந்தால், அவளுடைய முதுகு எங்கே வலிக்கும் என்றுகூடத் தெரிந்துவிடும்.

அவளுடைய முதல் தொடர் ஒரு உப்பளக் குடும்பத்தின் மருமகள் கதை. அதில்தான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். எங்கள் வேலைக்குப் பொதுவான தமிழ் வேண்டும். தீவு முழுக்கக் கேட்கிறார்கள். நான் ஊர்ப் பேச்சை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். ஒரு காட்சியில், பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கயோமி போய் அவளருகே குந்துவாள். தாளில் இருந்தது, "ஏன் இப்படித் தனியாக இருக்கிறாய்?" என்ற வசனம். கயோமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் பேசினேன்: "ஏன்கா இப்பிடித் தனிய இரிக்காய்?"

ஊர்ப் பேச்சு வந்தது எனக்குத் தெரியவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேர் மெல்லத் திரும்பினார்.

"ஜப்பானில எப்ப மட்டக்களப்பார் போய்க் குடியேறினவை?" என்று கேட்டார்.

ஒலிப்பதிவு செய்கிற ரிஸ்வி நானா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் எங்களுக்குப் பக்கத்து ஊர், காத்தான்குடிக்காரர். "விடுங்க சேர், எங்கட ஆக்கள் உப்பு விக்கப் போயிருப்பாங்க" என்றார். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. திரும்பப் பேசச் சொன்னார்கள். பேசினேன். பொருந்தியது. ஆனால் முதல் தடவை பேசியது போல வரவில்லை என்று எனக்குத் தெரியும். சேருக்கும் தெரிந்திருக்கும்; அவர் நன்றாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு கயோமி பள்ளி ஆசிரியையாக வந்தாள். பொலிஸ்காரனின் தாயாக வந்தாள். நூடில்ஸ் கடை நடத்தினாள், அதில் நான் சாப்பிட்ட பாணுக்கு அளவில்லை. யார் எந்தத் தொடரை வாங்கினாலும் கயோமி இருந்தால் என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். ஒரு முகத்துக்கு ஒரு குரல் பழகிவிட்டால் மாற்றமாட்டார்கள், பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது. அவளுக்கு நெற்றியில் கோடு விழுந்தபோது எனக்கும் குரலில் கொஞ்சம் கரகரப்பு வந்தது. வாடகை அறையில் இருந்தேன். வேலை இல்லாத நாட்களில் யாரிடமும் ஒரு சொல் பேசாமல் பொழுது போவதுண்டு. அடுத்த நாள் ஸ்டூடியோவில் வாயைத் திறந்தால் முதலில் வருவது அவளுடைய வசனமாக இருக்கும்.

ஊருக்கு வந்தால் அம்மா அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை கயோமி அழ, அம்மாவும் அழுதார்.

"பாவம்கா அந்தப் புள்ள."

"அம்மா, அது நான்தானே கதைக்கிறன்."

"நீ வாயைத்தானே குடுத்தாய். அழுறது அவள்தானே. சும்மா இரி, கேக்க விடு."

பிறகு அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது, இருதயம் பழுது என்றார்கள். அண்ணன் வெளிநாட்டில். நான் கொழும்பை விட்டுவிட்டு நாவற்குடாவுக்கு வந்தேன். அத்தோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குள் ரிஸ்வி நானாவும் ஊருக்கு வந்து, காத்தான்குடியில் தம்பியின் புடைவைக் கடைக்குப் பின்னால் ஒரு அறையை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார். சுவரெல்லாம் மெத்தை, அதற்கு மேல் பன்பாய். படம் இணையத்தில் வரும்; குரலைப் பதிந்து அதே வழியில் அனுப்புவோம். தர்மலிங்கம் சேர் கொழும்பில் இருந்தபடி தொலைபேசியில் கேட்டுக்கொண்டு இயக்குவார். விரலைக் காண முடியாது என்பதால் மூச்சு வருகிற இடத்தில் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

பாங்கு சொல்லத் தொடங்கினால் ஒலிப்பதிவை நிறுத்துவோம். நானா தொழப் போவார். அவர் மனைவி, ராத்தா, எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். திரையில் கயோமி பாதி வாய் திறந்தபடி அசையாமல் நிற்பாள். நானா திரும்பி வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அப்படியே இருப்போம்.

அம்மா கடைசி வருடத்தில் மூச்சு விட்ட விதத்தைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு சொல்லின் நடுவில் மூச்சு முட்டும். அது எனக்குத் தெரியக்கூடாது என்று அம்மா எதையாவது தேடுவார். மூக்குக்கண்ணாடியை, சீப்பை, வெற்றிலைத் தட்டை. தேடுகிற சாட்டில் ஒரு மூச்சு எடுத்துவிட்டு, சொல்லின் மிச்சப் பாதியைச் சொல்லி முடிப்பார். "என்னம்மா, ஏலாமல் இரிக்கா?" என்று கேட்டால், "கண்ணாடிய எங்க வெச்ச நீ?" என்பார். கண்ணாடி மூக்கில்தான் இருக்கும். அம்மா போன பிறகு வீட்டில் அந்தச் சத்தம் இல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய சத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் கயோமியின் கடைசித் தொடர். ஒரு சிறு தீவில், படகுத் துறையில் டிக்கெட் விற்கிற பெண். பகிடிக்காரி. துறைக்கு வருகிற எல்லாரையும் நக்கலடித்துக்கொண்டிருப்பாள். எங்களுக்கு முழுக் கதையும் தரமாட்டார்கள். ஒவ்வொரு பகுதியாகத்தான் படமும் வசனமும் வரும். தொடங்கிக் கொஞ்சத்தில், ஒரு காட்சியில், "வள்ளம் நாலு மணிக்குத்தான் வரும்" என்று அவள் சொல்ல வேண்டும். நான் பேசினேன். பொருந்தவில்லை. திரும்பப் பேசினேன். பொருந்தவில்லை.

"ஃபைல்ல என்னமோ பழுது தங்கச்சி, நடுவில வெட்டுது" என்றார் நானா.

"இல்ல நானா. இன்னொருக்காப் போடுங்க. படத்தப் பாக்காம, அவட சத்தத்த மட்டும் போடுங்க."

போட்டார். பழுது இல்லை. சொல்லின் நடுவில் அவள் மூச்சு எடுத்திருந்தாள். பிறகு படத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் கயோமி குனிந்து டிக்கெட் பெட்டிக்குள் எதையோ தேடுகிறாள். ஒன்றும் எடுக்கவில்லை. நிமிர்ந்து, சிரித்து, மிச்சச் சொல்லைச் சொல்லி முடிக்கிறாள்.

சேரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அவ எங்க எடுக்கிறாவோ அங்கயே நீங்களும் எடுங்கோ" என்று மட்டும் சொன்னார். தமிழில் ஒரு சொல்லை நடுவில் அறுத்து மூச்சு எடுப்பது லேசு இல்லை. பேசத் தெரியாதவள் தடுக்கியது போலக் கேட்கும். சொல்லின் முதல் பாதியைக் கொஞ்சம் அழுத்தி, இரண்டாம் பாதியை அலட்சியமாக விட வேண்டும், அப்போதுதான் மறைக்கிறாள் என்பது தெரியாமல் தெரியும். நான் அதை யோசித்துச் செய்யவில்லை. அம்மா எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தேன்.

அடுத்தடுத்த பகுதிகளில் அந்த மூச்சு கூடிக்கொண்டே வந்தது. கதையில் அவளுக்கு வருத்தம் என்று ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நடிக்கிறவர்கள் வருத்தத்தைக் காட்டுவார்கள். நெஞ்சைப் பிடிப்பார்கள், இருமுவார்கள். வருத்தக்காரர்தான் மறைப்பார்கள். கயோமி மறைத்துக்கொண்டிருந்தாள். கமராவுக்கு முன்னால் ஆயிரம் பேருக்குத் தெரியாமல் மறைக்கிறாள், எனக்கு மட்டும் தெரிகிறது என்று நினைத்தேன். யாரிடம் போய்ச் சொல்வது? நானாவிடம் சொன்னேன்.

"அவ சும்மா நடிக்கிறாவாக்கும் தங்கச்சி."

"நடிப்பில்ல நானா. எனக்குத் தெரியும்."

"அப்பிடியெண்டா அல்லாதான் அவவுக்குச் சுகத்தக் குடுக்கணும். நாம என்ன செய்ற? ஜப்பானுக்கு மருந்தா அனுப்ப ஏலும்?"

மருந்து அனுப்ப ஏலாதுதான். ஆவணித் திருவிழா தொடங்கும்போது நான் மண்டூருக்குப் போனேன். குருமண்வெளித் துறையில் பாதை ஏறினேன். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற பெரிய மிதவை. மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில் மந்திரம் சொல்லிப் பூசை செய்வதில்லை. பூசை செய்கிற கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் செய்வார். சிறு வயதிலிருந்து எத்தனையோ தடவை கண்டதுதான். அன்றைக்கு அந்தக் கட்டிய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. வாயால் பிழைக்கிறவள் கொடுக்கக்கூடியது வாயைத்தான். திருவிழாவின் கடைசி நாள் தீர்த்தம் முடியும்வரை ஒரு சொல்லும் பேசுவதில்லை, கயோமிக்குச் சுகம் கொடு என்று நேர்த்தி வைத்தேன். கடைசிப் பகுதி தீர்த்தத்துக்குப் பிறகுதான் வரும் என்று நானா சொல்லியிருந்தார். அதனால் வேலைக்கும் இடைஞ்சல் இல்லை.

ஆனால் தொலைக்காட்சிக்காரர்கள் ஒளிபரப்பும் நாளை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். நானா மோட்டார் சைக்கிளில் நாவற்குடாவுக்கு வந்தார்.

"வந்திட்டுது தங்கச்சி. கடைசிப் பகுதி. நாளைக்கு வாங்க, ஒரு பின்னேரத்தில முடிச்சிரலாம்."

நான் கையை வாயில் வைத்துக் காட்டினேன்.

"என்னகா, பல்லு வலியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். கோயில் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினேன்.

"பேசாம இரிக்கிற நேர்த்தியா? யா அல்லா. ஊர்ல உள்ளவனெல்லாம் காவடி எடுப்பான், தேங்கா ஒடைப்பான். மைக்ல பேசுற ஆளுக்கு வேற நேர்த்தியே கிடைக்கலியா?" பிறகு குரலை இறக்கி, "அந்த ஜப்பான் அம்மாவுக்காகவா?" என்று கேட்டார்.

ஓம் என்று தலையசைத்தேன்.

"நீங்க வரல்லண்டா அவனுகள் வேற ஆளப் போட்டு முடிப்பானுகள். நாள் குறிச்சாச்சி. தெரியும்தானே?"

தெரியும் என்று தலையசைத்தேன். நானா ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "நேர்த்தி எண்டா நேர்த்திதான். முறிக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டன். அது எனக்கும் பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் தர்மலிங்கம் சேர் தொலைபேசி எடுத்தார். எடுத்துக் காதில் வைத்தேன். ஹலோ சொல்ல முடியாது.

"ரிஸ்வி எல்லாம் சொன்னவர். நீங்க கதைக்க வேண்டாம். லைனில நிக்கிறீங்களோ?" கொஞ்சம் பொறுத்து, "ஓ, நிக்கிறீங்கள். மூச்சுக் கேக்குது" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இது அவவின்ர கடைசிக் கதை எண்டும் சொல்லுகினம். தொடக்கத்திலயிருந்து நீங்கதான் கதைச்சனீங்கள். கடைசியில வேற ஆள் எண்டால் எனக்குக் கேக்கப் பிடிக்காது. ஒரு பின்னேரம் வாயைத் திறந்தால் முருகன் கோவிப்பாரோ?"

நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். போகத்தான் ஆசையாக இருந்தது. அந்தத் துறைமுகப் பெண்ணை நான்தான் கரை சேர்க்க வேண்டும், இன்னொருத்தியின் வாயில் அவள் முடியக்கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் போதும். ஆனால் திறந்த பிறகு, அவளுக்கு ஏதும் நடந்துவிட்டால்?

"அவவுக்கு உண்மையிலேயே வருத்தம் எண்டு நினைக்கிறீங்கள், என்ன?" சேருடைய மூச்சும் எனக்குக் கேட்டது, அவரும் கிழவனாகிவிட்டார். "கதைக்காமல் இருக்கிறதும் அவவுக்காக. கதைச்சாலும் அவவுக்காகத்தான். இதில எதைச் செய்யுங்கோ எண்டு சொல்ல எனக்குத் தெரியேல்லை, பிள்ளை."

என்னை அவர் பிள்ளை என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். நான் போகவில்லை. கடைசிப் பகுதிக்கு நிரோஜா என்ற பிள்ளை கொழும்பில் பேசினாள்.

தீர்த்தம் முடிந்தது. சனத்தோடு சனமாக வாவியில் முழுகினேன். நேர்த்தி முடிந்துவிட்டது, இனிப் பேசலாம். சுற்றிலும் எல்லாரும் தங்கள் தங்கள் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். பாதை கடந்து வந்து பஸ் ஏறியதும் கொண்டக்டர் கையை நீட்டினார். "நாவற்குடா, ஒண்டு" என்றேன். அத்தனை நாளுக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

கடைசிப் பகுதியை வீட்டில் தனியே இருந்து பார்த்தேன். துறைமுகப் பெண் டிக்கெட் அறையில் இருந்தபடியே கண் மூடுகிறாள். அதற்குப் பிறகு, அவளுக்கு நெஞ்சு வருத்தம் இருந்ததையும் அதை ஊரில் எல்லாருக்கும் மறைத்ததையும் மகளிடம் வைத்தியர் சொல்கிறார். அதுதான் கதை. தொடக்கத்திலிருந்து அதற்காகத்தான் கயோமி அப்படி மூச்சு விட்டிருக்கிறாள். எல்லாம் நடிப்பு.

நிரோஜா நன்றாகத்தான் பேசினாள். மூச்சு எடுக்கிற ஓரிடத்தில் மட்டும் அவசரப்பட்டுவிட்டாள். நான் டீவியை நிற்பாட்டினேன். என்ன உணர்ந்தேன் என்று கேட்டால், முதலில் வந்தது சந்தோசம்தான். அவளுக்கு வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு வந்ததற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. என்னிடம் மட்டும் ஒரு இரகசியத்தைச் சொன்னாள் என்று நான் காத்துவைத்திருந்தது, எல்லாருக்கும் சொன்ன கதையாகப் போய்விட்டது.

நானா தொலைபேசி எடுத்து, "நான் அப்பவே சொன்னன்தானே" என்றார். "ஆனா சொல்ல ஏலாது தங்கச்சி. வருத்தம் இருந்து, உங்கட நேர்த்தியாலதான் சுகம் வந்திச்சோ, ஆருக்குத் தெரியும்?" என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். அதற்குப் பிறகும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். வேறு முகங்கள். எனக்கு மனம் வரவில்லை, மெல்ல நிறுத்திக்கொண்டேன். சேர் இப்போது வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார். பண்டிகைக்குத் தொலைபேசி எடுப்பார். காது மந்தமாகிவிட்டது.

கயோமியும் நிறுத்திக்கொண்டாள் என்ற செய்தி வந்தபோது நிரோஜாதான் அந்தப் பேட்டியை எனக்கு அனுப்பினாள். ஜப்பான் மொழி படித்த ஒரு சிநேகிதி மூலம் அர்த்தம் கேட்டு, அதைத் தன் குரலிலேயே பதிந்து கூடவே அனுப்பியிருந்தாள். "அன்ரி, அந்த மூச்சை நீங்க எப்பிடிப் பிடிச்சீங்க? எனக்கு வரவேயில்ல" என்றும் கேட்டிருந்தாள்.

முதலில் பேட்டியை மட்டும் பார்த்தேன். சாதாரண உடுப்பு, நரைத்த தலை. அவள் நடிக்காமல் பேசுவதை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. வேகமாகப் பேசுகிறாள், உரத்துச் சிரிக்கிறாள், வசனத்தின் நடுவில் கையை வீசுகிறாள். மூச்சு எடுக்கிற இடங்கள் ஒன்றும் எனக்குத் தெரிந்தவை இல்லை. இந்தப் பெண்ணுக்கு என்னால் குரல் கொடுத்திருக்க முடியாது. யாரோ ஒருத்தி.

பிறகு நிரோஜா அனுப்பிய அர்த்தத்தைக் கேட்டேன். துறைமுகப் பெண்ணின் மூச்சைப் பற்றி அவளிடம் கேட்கிறார்கள். கயோமி சொல்கிறாள்: அது என் அம்மாவின் மூச்சு. கடைசிக் காலத்தில் அவரோடு நான்தான் இருந்தேன். மூச்சு முட்டுவது எனக்குத் தெரியக்கூடாது என்று அம்மா ஒவ்வொரு முறையும் எதையாவது தேடுவார். துணியை, கத்தரிக்கோலை. தேட ஒன்றும் இல்லாவிட்டால் யன்னல் பக்கம் பார்த்து, மழை வருமா என்று கேட்பார்.

நான் படத்தைத் திரும்ப அந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். பின்னேர நேரம். வாவிப் பக்கமிருந்து ஒரு இயந்திர வள்ளத்தின் சத்தம் வந்து போனது. போனின் சத்தத்தைக் குறைத்து இல்லாமலாக்கினேன். கயோமி வாய் திறந்தாள். அவள் மூச்சு எடுத்த இடத்தில் நானும் எடுத்தேன்.

"எங்கட அம்மாட மூச்சு அது. நான்தான் கடைசியில கூட இருந்த. எனக்குத் தெரியப்படா எண்டு எதையாச்சும் தேடுவா. துணிய, கத்திரிக்கோல. ஒண்டும் இல்லாட்டி, மழ வருமா புள்ள எண்டு கேப்பா."

பொதுத் தமிழ் வரவில்லை. நான் வரவழைக்கவும் இல்லை. பொருந்தியதா என்று பார்க்கவுமில்லை. அவள் வாயை மூடினாள்; மற்றப் பக்கத்தில் இருந்தவர் அடுத்த கேள்வியைக் கேட்கத் தொடங்கினார். அவள் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கட அம்மா மூக்குக்கண்ணாடியத்தான்கா தேடுவா" என்றேன். "அது மூக்குலதான் இரிக்கும்."

கயோமி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையை அசைத்தாள். அந்தக் கேள்விக்காரருக்குத்தான் அசைத்தாள் என்று எனக்குத் தெரியும். நானும் குனிந்து வணங்கினேன்.